நோயும் நேர்த்தியும் – 9: ஓர் இரவு மட்டும் வாழும் ஓவியம்

கண்டியிலிருந்து லெவல்ல வழியாக மகாவலி கங்கையைக் கடந்தால் அமுனுகம வரும். அங்கே ஒரு பெரும்பாறையைக் குடைந்த குகைக்குள் தெகல்தொருவ விகாரை இருக்கிறது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அதன் சுவர்களில் ஓவியம் எழுதத் தொடங்கினார்கள். மதுரை நாயக்கர் உறவில் வந்த அந்த அரசன் 1782இல் இறந்தான். அவனுக்குப் பின் வந்த தம்பி இராஜாதி இராஜசிங்கன் 1786இல் விகாரைக்குச் சாசனம் கொடுத்தான். கூரையில் மாரனின் படை புத்தரைச் சூழ்ந்து வருகிறது. சுவரில் வெஸ்ஸந்தரன் முதலில் யானையைத் தானம் கொடுக்கிறான், பிறகு பெற்ற பிள்ளைகளையே கொடுக்கிறான். எழுதியவர்களின் பெயர்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே அவர்களில் முதன்மையானவர்.

சென்ற இதழில் வேறு வகை ஓவியங்களைப் பார்த்தோம். நேப்பிள்ஸ் அருகே மடோன்னா தெல் ஆர்க்கோ கோவிலில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த மரப்பலகைகள், மெக்சிக்கோ நாட்டுக் குடியானவர்கள் தகரத் தகட்டில் எழுதி வைத்த படங்கள். எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான். கட்டிலில் நோயாளி, பக்கத்தில் கைகூப்பிய உறவினர், மூலையில் மேகத்துக்குள் மாதாவோ புனிதரோ, அடியில் நாலு வரி. யாருக்கு, எந்த ஆண்டு, என்ன நோய் வந்தது, யாரை வேண்டிப் பிழைத்தார் என்று அந்த வரிகள் சொல்லும். நோய் தீர்ந்த பிறகு எழுதி, கோவில் சுவரில் மாட்டி, தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நன்றிப் படங்கள் அவை.

அந்தக் கண்ணோடு கண்டிக்கு வந்து விகாரைச் சுவர்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். போதிசத்துவர்கள் இருக்கிறார்கள், அரசர்கள் இருக்கிறார்கள், யானைகளும் பல்லக்குகளும் இருக்கின்றன. காய்ச்சலில் கிடந்து பிழைத்த ஒரு வயற்காரர் நன்றி சொல்லி மாட்டிய படம் இல்லை. அப்படியானால் கண்டி மக்கள் நோய்க்காக ஓவியமே எழுதவில்லையா? எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். விடிந்ததும் அதை அழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஓவியத்தின் கதைதான் இந்த இதழில்.

கைதி கண்ட கண்டி

1660 ஏப்ரலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. புயலில் முறிந்த பாய்மரத்தை மாற்றுவதற்காக வந்த கப்பல். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தலைவரின் பெயர் றொபர்ட் நொக்ஸ். மகனுக்கும் அதே பெயர், வயது 19. இருவரையும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் இருத்தினார்கள். அங்கே குளிர்காய்ச்சல் இருவரையும் பிடித்தது. 1661 பெப்ரவரி 9ஆம் தேதி தந்தை இறந்தார். காய்ச்சல் விடாத நிலையிலேயே மகன் அவரை அடக்கம் செய்தார்.

இளைய நொக்ஸ் அதன்பின் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்துக்குள்ளேயே கைதியாக இருந்தார். சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை, ஊருக்குள் வாழ விட்டார்கள், நாட்டைவிட்டுப் போக விடவில்லை. சிங்களம் பேசப் பழகினார். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் கண்டிக்குப் பக்கத்தில் உடுநுவரப் பகுதியின் எலதெத்த என்ற ஊரில் சிறு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு, அநுராதபுரக் காடுகளுக்குள் நடந்து, அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அரண்மனைக் குறிப்புகளிலும் விகாரைச் சாசனங்களிலும் கிடைக்காத சாதாரண மனிதர்களின் கண்டி அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் என்ன செய்தார்கள் என்பதையும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஒரு வில்லை எடுப்பார்கள். அதன் நாணில் வீட்டுப் பாக்குவெட்டியைத் தொங்கவிடுவார்கள். வில்லின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டு தெய்வங்களின் பெயரையும் பேய்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். நோயைக் கொடுத்தவரின் பெயர் வரும்போது பாக்குவெட்டி ஆடும். ஆளைக் கண்டுபிடித்த பிறகு நேர்த்தி. சேவல் நேர்ந்து விடுவதும் உண்டு.

நம்முடைய தேடலுக்கு வேண்டிய பகுதி இதற்கு அடுத்தது. கண்டியர் ஒன்பது கிரகங்களை நம்புகிறார்கள், மனிதனின் நன்மை தீமைகள் அவற்றிலிருந்து வருகின்றன என்கிறார்கள் என்று நொக்ஸ் சொல்கிறார். ஒரு கிரகம் ஒருவர்மீது கோபங்கொண்டால் தெய்வமும் பேயும்கூட அதைத் தடுக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்தெந்தக் கிரகம் பகையாக நிற்கிறதோ அத்தனைக்கும் களிமண்ணில் உருவம் செய்து பல வண்ணங்கள் தீட்டுவார்கள். செய்பவர்கள் நெசவாளர்கள். உருவங்களுக்கு முன்னால் உணவு படைத்து, மேளம் கொட்டி, ஆடிப்பாடி இரவைக் கழிப்பார்கள். விடிந்ததும் உருவங்களைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாதையில் எறிந்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டு அவை அழியும். படைத்த சோற்றை வந்திருந்தவர்களும், அதற்காகவே காத்திருந்த ஏழைகளும் சாப்பிடுவார்கள்.

நொக்ஸ் தீவிர கிறிஸ்தவர். இந்தச் சடங்கை அவர் மதிக்கவில்லை. உருவங்கள் அவருக்குக் கோரமாகத்தான் தெரிந்தன. இருந்தும் செய்பவர் யார், எத்தனை உருவம், எப்போது எறிகிறார்கள், சோறு யாருக்குப் போகிறது என்று ஒன்றையும் விடாமல் குறித்து வைத்தார். கிராமத்தில் வாழ்ந்தவர், காய்ச்சலுக்குத் தகப்பனைக் கொடுத்தவர், பக்கத்து வீட்டு நோய்க்கு இரவெல்லாம் மேளம் கொட்டக் கேட்டிருக்கக்கூடியவர். அவருடைய சாட்சியத்துக்கு அந்த வாழ்க்கைதான் பலம்.

மண்ணும் மூங்கிலும் சாதிலிங்கமும்

நொக்ஸ் கண்ட சடங்கைச் சிங்கள மக்கள் ‘பலி’ என்று சொல்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் கோழியையும் ஆட்டையும் நினைவுபடுத்தலாம். இங்கே உயிர் எதையும் கொல்வதில்லை. கிரக தேவதைக்குப் பூவும் பொரியும் வெற்றிலையும் விளக்கும் கொடுத்து மனம் குளிர வைக்கும் சடங்கு இது. நோயாளியின் சாதகத்தைப் பார்த்து எந்தக் கிரகத்துக்கு எந்தப் பலி என்று முடிவு செய்வார்கள். அதன்பிறகு கலைஞர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்வார்கள்.

மூங்கிலைப் பிளந்து தட்டையான சட்டம் கட்டுவதில் வேலை தொடங்கும். அதைத் தரையில் கிடத்தி, பிசைந்த களிமண்ணை அதன்மேல் அப்பி, விரலாலும் ஈர்க்காலும் அழுத்தி உருவத்தை எழுப்புவார்கள். முகம், முடி, கிரீடம், கை, ஆயுதம், வாகனம் எல்லாம் மண்ணிலிருந்து புடைத்து வரும். பாதி சிற்பம், பாதி ஓவியம். பெரிய உருவங்கள் ஆள் உயரத்தையும் தாண்டும். மண் சற்று இறுகியதும் மேலே வெள்ளைக் களிமண் பூசி மட்டமாக்குவார்கள். அதன்மேல்தான் வண்ணம்.

கண்டி நாட்டு ஓவியர்களின் வண்ணச் சரக்கு தமிழ்நாட்டு ஓவியரும் சித்த வைத்தியரும் அறிந்த சரக்குத்தான். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் அல்லது கொக்கட்டு மரத்துப் பிசின், நீலத்துக்கு அவுரி. கறுப்புக்குக் கெக்குன எண்ணெயில் துணி எரித்துப் பிடித்த கரி. வண்ணம் சுவரில் ஒட்டி நிற்க விளாம்பிசின். தூரிகைக்கு ஒருவகைப் புல்லின் நுனி. மெல்லிய கோடுகளுக்கு அணில் வால் மயிர். பரந்த இடங்களுக்குத் தாழை வேரை நசுக்கிச் செய்த மட்டை. தெகல்தொருவச் சுவரில் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் சிவப்பு இந்தச் சரக்கிலிருந்து வந்ததுதான். பலி உருவத்துக்கு இன்று கடையில் வாங்கும் வண்ணப்பொடி வந்துவிட்டது. கோடு இழுக்கும் முறை மட்டும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கிறது. முதலில் பரந்த வண்ணம், பிறகு ஆடையின் மடிப்பு, நகை, கடைசியில் முகத்தின் கோடுகள்.

உருவத்தைச் சுற்றி வாழைத்தண்டும் குருத்தோலையும் கொண்டு ஒரு மண்டபமே எழும்பும். குருத்தோலையைக் கிழித்துப் பின்னி, பூவாகவும் கொடியாகவும் தோரணமாகவும் மாற்றுவதில் கண்டிக் கிராமத்தவர்களின் கை தனி. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். காலையில் வெறும் மண்ணாக இருந்த முற்றத்தில் மாலைக்குள் கிரக தேவதைகள் நிமிர்ந்து நிற்பார்கள்.

நோயாளியும் படத்துக்குள்

இரவில் நோயாளியைக் கொண்டுவந்து உருவங்களுக்கு எதிரே இருத்துவார்கள். மெக்சிக்கோத் தகரத்துக்கும் கண்டி மண்ணுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த இடத்தில் தெரிகிறது. அங்கே நோயாளி படத்துக்குள் இருக்கிறார், வரைந்த கட்டிலில் படுத்திருக்கிறார். இங்கே படத்தில் கிரகம் மட்டும்தான். நோயாளி உயிரும் உடம்புமாக அதற்கு எதிரே இருக்கிறார். உருவத்திலிருந்து ஒரு நூல் அவர் கைக்கு வருகிறது. அந்த நூல் கட்டப்பட்ட பிறகுதான் படம் முழுமையாகிறது. காய்ச்சலில் நடுங்கும் மனிதர் ஓவியத்தின் ஒரு பாதியாகிவிடுகிறார்.

சடங்கு புத்தரை வணங்கித்தான் தொடங்கும். பிறகு மேளம், கவி, ஆட்டம். பாடும் கவிகளில் புத்தரின் குணங்களைச் சொல்லி, அந்தக் குணங்களின் வலிமையால் இன்ன கிரகத்தின் தீங்கு நீங்கட்டும் என்று வேண்டுவார்கள். ஒவ்வொரு வேண்டுதலின் முடிவிலும் சுற்றியிருப்பவர்கள் ‘ஆயுபோவேவா’ என்று குரல் கொடுப்பார்கள். நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்ற வாழ்த்து. தேசிக்காய் வெட்டிக் கழிப்பு எடுப்பதும் உண்டு. வீட்டார், அக்கம்பக்கத்தார், தூரத்து உறவினர் எல்லாரும் கண்விழித்திருப்பார்கள். பல நாள் தனியாகப் படுக்கையில் கிடந்த நோயாளிக்கு ஒரு முழு இரவு ஊரே துணையிருக்கிறது. அவருடைய பெயரைச் சொல்லி நூறு குரல்கள் ஆயுள் கேட்கின்றன. இந்தச் சடங்கு மருந்தா என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைத்தியரின் கசாயத்தை யாரும் நிறுத்தவில்லை, இன்றும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பலிக்குப் போவதில்லை. கசாயம் தொடாத ஒன்றை இந்த இரவு தொடுகிறது.

விடியற்காலையில் நூல் அறுபடும். உருவங்களை அப்புறப்படுத்துவார்கள். நொக்ஸ் காலத்தில் பாதையில் போட்டார்கள்; ஓடைக்கரையிலோ ஊர்ப்புறத்திலோ கொண்டுபோய் விடுவதும் உண்டு. ஒரு நாள் முழுக்க நாலைந்து பேர் குனிந்து செய்த வேலை அடுத்த மழையில் கரைந்துவிடும்.

ஏன் அழிக்க வேண்டும்? நோயைக் கொண்டுபோகத்தானே அந்த உருவம் வந்தது. இரவெல்லாம் நோயாளியின் தோஷத்தை வாங்கிக்கொண்ட உருவத்தை வீட்டுக்குள் வைத்திருப்பது, போக வந்த நோயைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். உருவம் போனால்தான் நோய் போனது நிச்சயம். கண்டியின் நோய் ஓவியத்தில் வேண்டுதலும் விடைகொடுப்பும் ஒரே இரவில் முடிந்துவிடுகின்றன.

இந்த எண்ணம் கண்டிக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் களமெழுத்து இருக்கிறது. அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி கொண்டு பத்ரகாளியையும் நாகங்களையும் தரையில் பெரிதாக எழுதி, பாட்டு முடிந்ததும் ஆடிக்கொண்டே அழித்துவிடுவார்கள். புள்ளுவர் பாட்டோடு நடக்கும் நாகக்களமும் தீங்கு நீங்கவும் குடும்பம் தழைக்கவும் செய்யும் வழிபாடு. தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். வெள்ளியில் செய்த கை, கால், கண் உருவங்களை உண்டியலில் போடுவதும் அதே கோவிலில்தான். நிலைத்து நிற்பதும் கரைந்து போவதும் ஒரே வாசலில் சேர்ந்து இருக்கின்றன. கண்டி மக்கள் கரைவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தச் சடங்கு தென்னிந்தியப் பிராமணர்களோடு கோட்டை இராச்சிய காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டளவில், இலங்கையில் பரவியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே நூற்றாண்டில் வீதாகம மைத்ரேய தேரர் ‘புதுகுணாலங்காரய’ என்ற சிங்களக் காவியத்தை இயற்றினார். விசாலா நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டியபோது புத்தர் அங்கே சென்று அதைத் தணித்த கதை அது. பிற தெய்வ வழிபாட்டையும் பிராமணச் சடங்கையும் அதில் அவர் கடுமையாகக் கண்டித்தார். கண்டனம் ஏட்டில் நின்றது. ஊரிலோ கிரகங்களின் முன்னால் புத்தரின் குணங்களைப் பாடும் வழி பிறந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் நோயாளி வீட்டு மனிதர்கள்தான்.

பிழைத்தவர் சொன்ன நன்றி

படம் விடியற்காலையில் போய்விடுகிறது. பிறகு பிழைத்தவர் நன்றி சொல்வது எப்படி? கண்டியில் அதற்கு வேறு வழிகள் உண்டு.

பழைமையான கதை நொக்ஸ் குடியிருந்த அதே உடுநுவரப் பகுதியில் இருக்கிறது. ரங்கம என்ற ஊரில் ஒரு மேளக்காரருக்குத் தோல் நோய். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கதிர்காமத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார், நோய் தீர்ந்தது. நன்றியாக ஆண்டுதோறும் காடுமலை தாண்டிக் கதிர்காமத்துக்கு நடந்து சென்று தெய்வத்தின் முன்னால் மேளம் கொட்டினார். மூப்பு வந்தது. இனி வர முடியாதே என்று சன்னிதியில் அழுது தூங்கிப்போனவருக்குத் தெய்வம் கனவில் வந்து, உன் ஊர்ப்பக்கமே நான் வருவேன், அங்கே கொட்டு என்றது. சில காலத்தில் எம்பெக்கவில் அரசியின் தோட்டத்தில் ஒரு கதுரு மரத்தை வெட்டியபோது மரத்திலிருந்து இரத்தம் வந்தது. அந்த இடத்தில் எழுந்ததுதான் எம்பெக்க தேவாலயம். மூன்றாம் விக்கிரமபாகு (1357–1374) கட்டினான் என்பது மரபு. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களின் செதுக்கு வேலையைப் பார்க்க உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த மண்டபம் ஒரு நோயாளியின் நன்றிக் கதையில் பிறந்தது என்பதைப் பலர் அறியாமலே திரும்புகிறார்கள்.

இந்தக் கதையில் தெய்வம் தேடிவந்தது அரசனையோ பிக்குவையோ அல்ல, மேளக்காரரை. பக்கத்திலேயே லங்காதிலக விகாரை. அங்கே 1344ஆம் ஆண்டுச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அரசனின் கொடை கல்லில் இருக்கிறது. மேளக்காரரின் நன்றி வாய்மொழியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்தால்தான் உடுநுவரவின் வரலாறு முழுமையாகும்.

அம்மைநோய்க்கு வேறு நன்றி. தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயத்தை அடுத்து இருப்பது பத்தினி தேவாலயம். சிலப்பதிகாரத்துக் கண்ணகிதான் இங்கே பத்தினித் தெய்வம். கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்ததாக அந்தக் காப்பியம் சொல்கிறது. அவனே பத்தினியின் சிலம்பை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது சிங்கள மரபு. எசல பெரஹராவில் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களில் பத்தினியின் ஊர்வலம் கடைசியாக வரும். பெண்கள் நடந்து வருவது அதில்தான். பெரியம்மை, சின்னம்மை, சின்னமுத்து போன்ற நோய்களைத் தெய்வம் கொடுத்த நோய் என்று சொல்லி இவளிடம் முறையிடுவார்கள்.

பிள்ளைக்கு அம்மை இறங்கியதும் வீட்டில் ‘கிரி அம்மா’ தானம் நடக்கும். பிள்ளை பெற்றுப் பாலூட்டிய ஏழு பெண்களை அழைத்து, விளக்கேற்றி, பாற்சோறும் வாழைப்பழமும் பலகாரமும் வெற்றிலையும் கொடுத்து வணங்குவார்கள். அந்த ஏழு தாய்மாரும் பிள்ளையை வாழ்த்துவார்கள். நேப்பிள்ஸில் மரப்பலகை செய்ததைக் கண்டியில் ஏழு இலைப் பாற்சோறு செய்கிறது. அங்கே நன்றி சுவரில் இருக்கிறது, இங்கே ஊர்ப் பெண்களின் வயிற்றுக்குப் போகிறது. நொக்ஸ் சொன்ன பலியிலும் படைத்த சோறு கடைசியில் ஏழைகளுக்குப் போனதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1820களுக்குப் பிறகு இதே மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் வந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் வழியிலேயே வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இறந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்கள் தோட்டந்தோறும் மாரியம்மனை நிறுத்தினார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், அம்மை இறங்கியதும் மஞ்சள் நீரில் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள், கோவிலில் மாவிளக்கும் கரகமும் தீச்சட்டியும் எடுத்துக் கடன் தீர்த்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் இழுக்கும் ஐந்து தேர்களுக்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. மலைக்கு மேலே மாரியும் மலைக்குக் கீழே பத்தினியும் ஒரே நோயைக் காவல் காத்தார்கள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். தாய்மாருக்குக் கொடுக்கும் பாற்சோறும் மாவிளக்கும் நிற்கவில்லை.

பெயர் கிடைக்காத கைகள்

நொக்ஸ் ‘நெசவாளர்’ என்று எழுதியவர்கள் பெரவா சமூகத்தினர். நெய்வது அவர்களுடைய தொழில்களில் ஒன்று மட்டுமே. நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள், மேளம் கொட்டுவார்கள், கோவிலில் ஆடுவார்கள், மண்ணில் கிரகங்களை வடிப்பார்கள், ஆயிரக்கணக்கான கவிகளை நெஞ்சில் வைத்திருப்பார்கள். சோதிடரும் இசைஞரும் சிற்பியும் ஓவியரும் கவியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டைத்தான் கண்டிச் சமூகம் சாதி ஏணியில் கீழே வைத்தது. நோய் வந்த வீட்டார் இரவு முழுக்க அவர்கள் குரலை நம்பி இருந்தார்கள். விடிந்ததும் அதே திண்ணையில் அவர்களுக்குச் சம இடம் இல்லை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பறை கொட்டியவர்களுக்கு நாம் செய்ததும் இதுவே. இதை மூடிமறைத்துவிட்டுக் கலையின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அவர்களுடைய உழைப்பு நிலத்தோடு கட்டப்பட்டிருந்தது. தேவாலயத்து நிலத்தை உழுதவர் தேவாலயத்துக்கு மேளம் கொட்ட வேண்டும், ஆட வேண்டும். அரசுக்குச் செய்யும் இராஜகாரியத்தை 1832இல் ஆங்கில அரசு நீக்கியது. விகாரை, தேவாலய நிலங்களின் சேவைக் கடமை தொடர்ந்தது. சேவைக்குப் பதிலாகப் பணம் கட்டலாம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அந்தச் சட்டத்துக்காக எந்த நிலத்துக்கு என்ன சேவை என்று பதிவேடுகள் எழுதினார்கள். கடமை எழுதப்பட்டது. அந்தக் கைகளின் திறமையை எழுத அந்த ஏட்டில் இடம் இருக்கவில்லை.

திறமையை எழுத வந்தவர் ஒரு தமிழரின் மகன். சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கும் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். பாறை தேடி மலைநாட்டில் சுற்றியவர் கண்டிக் கைவினைஞர்களின் பட்டறைகளில் உட்காரத் தொடங்கினார். 1905இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னோர் கட்டியவற்றைக் கண்முன்னால் சிதைய விடுகிறீர்களே என்று இடித்துரைத்தார். 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ வெளிவந்தது. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அடித்த 425 பிரதிகள். அவர் மனைவி எதெல் எடுத்த புகைப்படங்களும் அதில் உண்டு. விளாம்பிசினும் கெக்குனக் கரியும் புல் தூரிகையும் பற்றி இன்று நாம் விவரமாகப் பேச முடிவது, அந்த வேலை தெரிந்தவர்கள் வாழ்ந்த காலத்திலேயே அவர் கேட்டு எழுதியதால்தான்.

அவர் தொடங்கியதை நாம் முடிக்கவில்லை. தெகல்தொருவ ஓவியரின் பெயர் நமக்குத் தெரிகிறது. நொக்ஸ் கண்ட மண் உருவங்களைச் செய்த ஒருவருடைய பெயரும் தெரியாது. இன்று கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலி வடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. எந்தக் கிரகத்துக்கு எந்த வண்ணம், எந்தக் கவிக்கு எந்தத் தாளம் என்று தகப்பனிடம் மகன் கற்றுக்கொள்கிறார். பலருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சாதியின் பழைய அவமானமும் அதற்கு ஒரு காரணம். உருவம் அழிவது மரபு, அது அழியட்டும். செய்தவரின் பெயரும் அழிய வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் முதலில் சேகரிக்க வேண்டியது அந்தப் பெயர்களைத்தான். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இன்ன கவிகள் தெரியும், இன்ன உருவம் வடிப்பார் என்று அரசன் சாசனத்துக்குக் கொடுத்த கவனத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஓவியம் எங்கே தொங்குகிறது என்று மட்டும் கேட்கும் கலை வரலாறு, ஊரின் துன்பத்தை ஓர் இரவுக்கு முற்றத்தில் நிறுத்திக் காட்டிய கலைஞர்களை இனியும் தவறவிடக் கூடாது.

அடுத்த இதழில்: 1697இல் பெரியம்மை கண்டி நகரத்துக்குள் நுழைகிறது. அரசனும் பிரபுக்களும் வெளியேறிவிட, நோயாளிகளோடு தங்கிவிட்ட கோவாப் பாதிரியார் யோசேப் வாஸின் கதை.